காய்ந்த தோல்

ஆடு செத்தபிறகு அதன் தோலில் வேறு ஒரு ஜீவிதம் தொடங்கிவிடுகிறது. உரித்த தோலைச் சித்திரை மாதத்தில் சில மணி நேரம் சும்மா போட்டுவைத்தால் போதும். கிருமிகள் மயிர்க்கால்களில் வேலையை ஆரம்பித்திருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மூக்குக்கு ஒரு சந்தேகம் தட்டலாம். இரண்டு விரலால் மயிரைப் பற்றி மெல்ல இழுக்கவேண்டும். மயிர் நின்றால் தோல் இன்னும் தோலாக இருக்கிறது. கொத்தாகக் கையோடு வந்துவிட்டால் காரியம் முடிந்தது. அதற்குமேல் எவ்வளவு உப்பைக் கொட்டினாலும் அழுகல் அங்கேயே நிற்கும், போனது திரும்பாது.

சென்னை பெரியமேட்டில் ஒரு தோல் மண்டியில் சில வருஷங்கள் நான் கணக்கு எழுதியிருக்கிறேன். ஊர்களிலிருந்து வரும் ஆட்டுத் தோல்களைத் தரம் பிரிக்க ஒரு பெரியவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் பாய்தான். தோலை விரிப்பார், புரட்டுவார், மயிரை இழுத்துப் பார்ப்பார், ஒரு வார்த்தை சொல்வார். நான் அதைப் பேரேட்டில் ஏற்றுவேன். ஊர், எண்ணிக்கை, தரம், பிடித்தம் என்று நாலு பத்திகள். பிடித்தம் என்பது குறைக்காக விலையில் கழிக்கிற தொகை. ஒரு தோலில் இத்தனை குறைகள் சாத்தியமா என்று முதலில் வியப்பாக இருந்தது. நாளாக நாளாக, குறையில்லாத தோல் ஒன்று வந்தால் அதுதான் வியப்பாயிற்று.

குறைகளில் திருத்தக்கூடியவை, கூடாதவை என்ற பாகுபாட்டை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். உள்பக்கத்துக் கத்திக் கீறல் ஆழமில்லாவிட்டால் பிற்பாடு சீவிச் சமன்செய்ய இடமுண்டு; ஊடுருவியிருந்தால் ஓட்டை ஓட்டைதான். நல்ல கை, வயிற்றைக் கீறியதும் கத்தியை வைத்துவிட்டு முஷ்டியால் தள்ளித் தோலைப் பிரிக்கும். கத்தியாலேயே முழுவதும் உரிக்கிறவன் கறியில் வெட்டு விழக்கூடாதென்று கத்தியைத் தோல் பக்கம் சாய்ப்பான். ‘கறிதானே தம்பி அவனுக்குக் காசு’ என்பார் பாய்.

சதையும் கொழுப்பும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு இறங்காது. அந்த இடம் மட்டும் தனியாகக் கெடும். நேரத்தோடு கண்டுபிடித்தால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி உப்பிடலாம். உப்பும் பெயருக்குத் தூவுகிற விஷயமல்ல. ஈரத் தோலின் எடையில் 40 முதல் 50 சதவிகிதம் வேண்டும். அந்தச் செலவைச் சுருக்கப் போன முறை உதறிய உப்பையே திரும்பப் போடுகிறவர்கள் உண்டு. உப்பிலேயே வாழப் பழகிய கிருமிகள் அதோடு வந்துசேர்ந்து, சில நாளில் தோலின்மேல் ரோஜா நிறத்தில் திட்டுக்கள் படரும். அப்போதும் முழுக்க மோசமில்லை. பழைய உப்பை உதறிவிட்டுப் புது உப்பிட்டுச் சூடில்லாத இடத்தில் அடுக்கினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அந்தச் சிவப்பைச் சேதம் என்பதைவிட முன்னறிவிப்பு என்று எடுத்துக்கொள்வதுதான் சரி.

எல்லாவற்றிலும் மோசமான குறை, பார்வைக்கு மிகச் சுத்தமாக இருப்பது. உப்புக்கு வழியில்லாமலோ அவசரத்திலோ தோலை நேர் வெயிலில், கொதிக்கிற தரையில் விரித்துவிடுகிறார்கள். மேல்பரப்பு சீக்கிரம் இறுகி ஓடுபோல் ஆகிவிடுகிறது. உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. அது அங்கேயே அழுகுகிறது, அல்லது வேகிறது. தோலின் நார்ப்பொருள் ஈரத்தோடு இருக்கையில் 60, 65 டிகிரி செல்ஷியஸ் சூட்டில் சுருங்கிப் பிசினாக மாறத் தொடங்கும். சித்திரை நண்பகலில் பாறையும் தகரமும் காய்கிற சூடு அதற்கு வெகு தூரத்தில் இல்லை. இப்படி வந்த தோல் விறைப்பாக இருக்கும். நாற்றமிராது. தட்டினால் கணீரென்று சத்தம் வரும். புதிதாக வியாபாரத்துக்கு வந்தவன் அதை முதல் தரத்தில் வைப்பான். பாய் அதைத் தனியே ஒதுக்கிவைத்து, ‘தண்ணியில போட்டாத்தான் இது யாருன்னு தெரியும்’ என்பார். தண்ணீரில் ஊறியதும் கொப்புளங்கள் எழும். சுண்ணாம்புக் குழியில் படலம் படலமாகப் பிரிந்து கடைசியில் கந்தலாகும். அதற்கு வைத்தியம் கிடையாது. வைத்தியம் முன்னாலேயே நடந்திருக்கவேண்டும்: நிழல், இரண்டு பக்கமும் காற்று, அளவான இழுப்பு, அவசரமின்மை.

மடிந்தபடி காய்ந்துபோன தோல் வேறு வகை. அது கெட்டதல்ல. ஆனால் மடிப்பைக் கையால் நிமிர்த்தப் போனால் மேல்தோல் கீறிக்கொண்டு வெடிக்கும். காய்ந்த நிலையில் தோலை எந்த விதத்திலும் திருத்தக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி, உரித்த அன்று இருந்த மெத்தென்ற ஸ்திதிக்கு அதைத் திரும்பக் கொண்டுவரவேண்டும். அப்புறம்தான் நிமிர்த்துவதும் இழுத்துக் கட்டுவதும். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஈரம் திரும்பியதும் அழுகுகிற சாத்தியமும் திரும்பிவிடுகிறது. ஊறுவது போதாவிட்டால் தோல் முறியும். மிஞ்சினால் மயிர் கழலும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கொஞ்ச நேரத்துக்குப் பதம் என்று பெயர். சோற்றுக்கும் பாகுக்கும் சொல்கிற அதே பதம். சொல்லுக்கும் நம் மொழியில் பதம் என்று ஒரு பெயர் உண்டு. இரண்டுக்கும் மூலம் வேறு என்று மொழியியல் அறிந்தவர்கள் சொல்லக்கூடும். என் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன.

எழுதியதைத் திருத்துவது பற்றி நண்பர்கள் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த ஊறப்போடுகிற வேலை ஞாபகத்துக்கு வருகிறது. அச்சுக்குத் தயாராகிவிட்ட கவிதையில் ஒரு அடைமொழியை எடுத்து, ஒரு வரியை உடைத்து, தலைப்பை மாற்றுவது காய்ந்த தோலை நிமிர்த்துகிற காரியம். எந்த அனுபவத்தின் ஈரத்தில் அது பிறந்ததோ அங்கே திரும்பப் போகாமல் மடிப்பு நிமிராது. போனால் கவிதையே இல்லாமல் போய்விடலாம். அந்தப் பயத்தில்தான் நம்மில் பலர் மேல்பரப்போடு நின்றுவிடுகிறோம் என்று தோன்றுகிறது.

மேல்பரப்போடு நிற்பதற்கும் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. தழும்பும் கீறலும் உள்ள பதனிட்ட தோலை எமரித் தாளால் தேய்த்து, கெட்டியாகச் சாயம் பூசி, சூடான தகட்டால் அழுத்தினால் செயற்கையாக ஒரு மயிர்த்துளை வரிசை அதில் பதிந்துவிடும். பளபளப்பான செருப்புகள் அதில் உண்டாகின்றன. இதில் மோசடி எதுவுமில்லை, ஏனென்றால் திருத்தப்பட்ட மேற்பரப்பு என்று பெயர் சொல்லியே விற்கிறார்கள். விலையும் அதற்குத் தக்கபடி. இலக்கியத்தில் இந்த ரகத்துக்குத் தனிப் பெயரும் இல்லை, தனி விலையும் இல்லை.

ஆனால் தரம் பிரிப்பதை இத்துடன் விட்டுவிட முடியவில்லை. பேரேட்டில் குறைக்குப் பத்தி இருந்தது, பிடித்தத்துக்குப் பத்தி இருந்தது, காரணத்துக்கு இல்லை. பக்ரீதை அடுத்த நாட்களில் ஒரேயடியாகத் தோல்கள் குவியும். உப்பிட ஆள் போதாது, ஏற்றிவர வண்டி போதாது. அந்த வாரத்து மயிர்க் கழலலுக்கு யாருடைய கையைக் குற்றம் சொல்வது? வெயிலில் விரித்தவன் தொழில் தெரியாதவனல்ல. தலைமுறையாகத் தோலைத் தொட்டதற்காகவே ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவன். நிழலில் காயவைக்கவேண்டும் என்பது அவனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவனிடம் நிழல் தருகிற கூரையும் இல்லை, உப்புக்குக் காசும் இல்லை. மண்டியில் பிடிக்கிற தொகை தரகர், சேகரிப்பவர் என்று படிப்படியாக இறங்கிக் கடைசியில் அவன் தலையில்தான் விழும். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ நாவல் 2010இல் வந்து, 2012இல் சாகித்ய அகாதெமி பரிசும் பெற்றது. பேரேட்டில் பத்தி கிடைக்காதவர்களுக்கு ஒரு நாவல் கிடைத்தது.

காரணம் தெரிந்துவிட்டதால் அழுகல் அழுகலில்லை என்று ஆகிவிடாது. பாய் இதில் கறார். மூன்றாந் தரத்தை மூன்றாந் தரம் என்றே சொல்வார். ஒருபோதும் இரக்கப்பட்டு ஏற்றிப் போட்டதில்லை. சொல்லிவிட்டு, அந்த ஊருக்கு உப்பு மூட்டை அனுப்பவேண்டும் என்று முதலாளியிடம் ஒவ்வொரு முறையும் சொல்லுவார். தரம் சொல்வதும் உப்பு கேட்பதும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு பாதிகள். நம் விமர்சகர்களில் முதல் பாதியைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவதை மட்டும் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

உப்பும் ஒரு பரிசுத்தமான தீர்வல்ல. தோலைக் காப்பாற்றிய உப்பு ஊறல் தண்ணீரோடு வெளியேறி வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துக் கிணறுகளுக்குள் இறங்கியது. பாலாற்றுப் படுகை கெட்டதற்கான வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு இடத்துக் குறையைத் திருத்தியது இன்னொரு இடத்தில் குறையாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

பாய் கேட்டபடி ஒரு வருஷம் உப்பு மூட்டைகள் போயின. அந்த ஊர்த் தோல் நன்றாகவே வந்தது. மூட்டையின் விலையை எழுதப் பேரேட்டில் தனி இடம் இல்லாததால் அதையும் பிடித்தம் என்ற பத்தியிலேயே எழுதச் சொன்னார்கள்.