முதலில் ஆட்டிப் பார்க்கணும்

முன்சக்கரம் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் தொங்கியது. பட்டறைக்கார அண்ணன் அதன் மேலேயும் கீழேயும் கை வைத்து ஆட்டினார். ‘டொக்’ என்று ஒரு சத்தம். பிறகு இடப்பக்கமும் வலப்பக்கமும் பிடித்து ஆட்டினார். இந்தச் சத்தம் வேறு. கொஞ்சம் தள்ளி, உள்ளேயிருந்து வந்தது.

“கேட்டுச்சா தம்பி? மேல கீழ ஆடுனா போல் ஜாயிண்ட்டு, இல்லாட்டி பேரிங். பக்கத்துல ஆடுனா டை ராடு, ஐட்லர் ஆர்ம். காடி இந்த லட்சணத்துல இருக்கு, நீ கோயிலோவர் வேணும்னு வந்து நிக்கிற.”

உண்மைதான். உயரத்தை மாற்றும் அந்த ஸ்பிரிங்-அப்சோபர் செட்டின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். சட்டைப்பையில் 2,000 வெள்ளி. காடி, அப்பா பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது பழையதாக வாங்கிய டொயோட்டா கொரோலா கே.இ.70.

பட்டறை அலோர் ஸ்டாரிலிருந்து கோலா கெடா போகும் சாலையில் இருக்கிறது. பின்னால் வயல். காற்று மாறினால் படகுத்துறையின் மீன் வாடை வரும். அண்ணன் தொழில் கற்றது தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில், டிராக்டருக்கும் லாரிக்கும் அடியில் படுத்து. செம்மண் சாலை புஷ்ஷைத் தின்னும், கடல் காற்று போல்ட்டைத் தின்னும் என்பார். என் காடி இரண்டையும் பார்த்தது.

பழைய காடியை வளைவில் அடக்கும் இந்தப் பாடு அமெரிக்காவின் மஸில் கார்க்காரர்களுக்கும் உண்டு. 1964 ஏப்ரல் 17இல் வெளிவந்த ஃபோர்டு மஸ்டாங்கும், அதே காலத்துப் போண்டியாக் ஜி.டி.ஓ.வும் நேர்க்கோட்டில் பாய்வதற்கென்றே பேர் எடுத்தவை. வளைவு வந்தால் சங்கடம். அங்கேயும் மலிவான வைத்தியம் ஒன்று உண்டு. 1965இல் ஷெல்பி ஜி.டி.350க்காக மஸ்டாங்கின் மேல் ஆர்ம் பொருந்தும் துளைகளை ஓர் அங்குலம் கீழே இறக்கினார்கள். அதையே வீட்டில் துளைக்கருவி வைத்துச் செய்துகொண்டவர்கள் ஏராளம். புதுச் சாமான் எதுவும் வேண்டாம். எங்கே துளை போட வேண்டும் என்று தெரிந்தால் போதும். நம் ஊரில் அப்படி எட்டு சிலிண்டர் காடி ஏது? இங்கே இளைஞர்கள் உயிரை விடுவது கே.இ.70க்கும் டட்சன் 120ஒய்க்கும்தான். கே.இ.70இல் வந்த 4கே எஞ்சின் வெறும் 1,290 சிசி. ஆனாலும் பின்சக்கரம் தள்ளும் காடி. பின்னால் நாலு லிங்கும் சுருள் ஸ்பிரிங்கும். அதன் தம்பியான ஏ.இ.86 ஜப்பானியப் படக்கதையால் உலகப் புகழ் பெற்றதால், அதற்கென்று செய்யும் பல சாமான்கள் இதிலும் மாட்டும். விலையும் அந்தப் புகழுக்கு ஏற்றபடிதான்.

என் காடியின் லோவர் ஆர்மைக் கழற்றவே அன்றைய பாதிப் பகல் போனது. போல்ட் வெளியே வரவில்லை. புஷ்ஷின் நடுவிலுள்ள இரும்புக் குழாயோடு துரு அதை ஒட்டவைத்திருந்தது. எண்ணெய் ஊற்றினார், சூடு காட்டினார், சுத்தியலால் தட்டினார், கடைசியில் கிரைண்டரை எடுத்து அறுத்தார். ஒரு சிறு வார்த்தைகூடத் திட்டவில்லை. எனக்குத்தான் பொறுமை இல்லை. பழைய ரப்பர் வெளியே வந்தபோது காய்ந்த புளி மாதிரி நொறுங்கியது.

புதுப் புஷ்ஷை அழுத்தி ஏற்றி, ஆர்மை மாட்டி, போல்ட்டைக் கையால் மட்டும் திருகி விட்டுவிட்டார். நான் ஸ்பேனரை நீட்டினேன். வாங்கவில்லை. காடியை இறக்கி, முன்பக்கத்தை நாலு முறை அமுக்கி, சக்கரங்கள் தம் எடையில் நின்ற பிறகே கீழே நுழைந்து இறுக்கினார். காரணம் எளிது. புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கிறது. அது உருளாது, முறுக்கிக்கொள்ளும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், காடி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். நிறைய இடங்களில் தொங்கும்போதே இறுக்கிவிட்டு, பிறகு சாமான் மட்டம் என்று பழி போடுகிறார்கள்.

ஸ்பிரிங்கைப் பார்த்ததும்தான் அவர் முகம் சுருங்கியது. பல வருடங்களுக்கு முன் நானே ஒரு கடையில் கொடுத்து, தாழ்வாக நிற்கட்டும் என்று ஒரு சுற்று வெட்டச் சொன்னது. ஏழு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு ஆறில் ஒரு பங்கு கூடும். அது போகட்டும். காடி தாழ்ந்தால் லோவர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போய்விடும். அப்படி ஆனால் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, காடி தாழ்ந்த அளவைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடும். பார்க்க ரேஸ் காடி, வளைவில் முன்பைவிட அதிகச் சாய்வு. இதற்கு ஸ்ட்ரட்டுக்கும் ஸ்டியரிங் ஆர்முக்கும் நடுவே கனமான துண்டு வைத்து, நீளமான உறுதிப் போல்ட் போடும் வழி உண்டு. “அதுக்குக் காசு கொடுக்கிறதுக்கு, உயரத்தைத் திருப்பிக் கொடு” என்று பழைய அளவு ஸ்பிரிங்கே தேடிப் போட்டார். அப்சோபர் நாலும் புதுசு. பெரிய செலவு அதுதான்.

ஸ்டியரிங்கை நான் ரேக்குக்கு மாற்றலாமா என்று கேட்டேன். மாற்றலாம், ஏ.இ.86இன் குறுக்குச் சட்டமும் சேர்ந்து வேண்டும். பாதியாக வெட்டிய பழைய காடிகளை விற்கும் ஹாஃப் கட் கடையில் அது கிடைத்தால் என் பட்ஜெட் அங்கேயே முடிந்துவிடும். அவர் ஐட்லர் ஆர்மையும் டை ராட் முனைகளையும் மாற்றிவிட்டு, ஸ்டியரிங் பாக்ஸின் மேல் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினார். காடி ஆயுளில் பெரும்பகுதி நேராகவே ஓடுவதால் பாக்ஸின் பல் நடுவில்தான் தேயும், ஓரத்தில் புதுசாக இருக்கும். நடு ஆட்டத்தை முழுக்க எடுக்கப் பார்த்தால் திரும்பும்போது இறுகிப் பிடிக்கும். ஆகவே கொஞ்சம் ஆட்டத்தை விட்டுவைத்தார். எனக்கு அது குறையாகத் தெரிந்தது. ஓட்டிய பிறகு தெரியவில்லை.

அலைன்மென்ட்டுக்கு இரண்டு பக்கமும் நைலான் நூல் கட்டினார். நூல் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்று பார்க்கவே அரை மணி நேரம். ரிம்மின் முன்விளிம்பும் பின்விளிம்பும் நூலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று மில்லிமீட்டர் அளவுகோலில் பார்ப்பது. நூலைக் குனிந்து பார்த்தபோது வான் மாட் சமான் கால்வாய் நினைவுக்கு வந்தது. அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் மலை அடிவாரம்வரை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெட்டியது. இரவில் பந்தங்களை வரிசையாக ஏற்றி வைத்துக் கோடு பிடித்தார்கள் என்று இங்கே சொல்வார்கள்.

மறுநாள் காலை அதே ஜெராய்க்கு ஓட்டிப் போனேன். மலை 1,217 மீட்டர். மேலே போகும் சாலை வளைந்து வளைந்து ஏறும். முன்பெல்லாம் ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கை இரண்டு தரம் திருத்துவேன், இப்போது ஒரு தரம். பிரேக் பிடித்தால் இடதுபக்கம் இழுத்துக்கொண்டிருந்ததும் நின்றுவிட்டது. அது பிரேக் கோளாறு என்று நான் நம்பியிருந்தேன், லோவர் ஆர்மை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் கம்பியின் ரப்பர் போயிருந்ததாம். ஒன்றுதான் உறுத்தியது. நேராக ஓடும்போது ஸ்டியரிங் வளையம் லேசாக இடதுபக்கம் சாய்ந்து நின்றது.

மத்தியானம் போய்ச் சொன்னேன். அண்ணன் சோற்றுப் பொட்டலத்தை மூடிவைத்துவிட்டு அடியில் படுத்தார். இந்தப் பக்க டை ராடு கால் சுற்று உள்ளே, அந்தப் பக்கம் கால் சுற்று வெளியே. சக்கரத்தின் கோணம் மாறவில்லை, வளையம் மட்டும் நேராகிவிட்டது. அதற்குக் காசு வாங்கவில்லை. 180 வெள்ளி மிச்சம் இருந்தது. டயர் கடை எங்கே என்று கேட்டேன்.