பெயர் கூப்பிடும்போது யார் எழும்புகிறார்?

சத்தியப்பிரமாணம் செய்து சட்டத்தரணியான சில வாரங்களில் கொழும்பில் இரண்டு பெரிய சட்ட நிறுவனங்களில் எனக்கு வேலை கிடைத்தது. இரண்டுமே வழக்குப் பிரிவில்தான். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "பெரிய பேர் உள்ள இடத்துக்குப் போம் பிள்ளை, பிறகு எங்க வேணுமெண்டாலும் போகலாம்." சம்பளமும் அங்கேதான் கூட. வெள்ளவத்தையில் அறை வாடகை கட்டி, ஊருக்கும் கொஞ்சம் அனுப்ப வேண்டிய எனக்கு அது சின்ன விசயமில்லை.

ஆனாலும் நான் சின்ன வயதிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தது நீதிமன்றத்தில் எழும்பி நின்று பேசுகிற வேலையை. பெரிய நிறுவனத்தின் வழக்குப் பிரிவு அதைத் தருமா? இதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கொழும்பின் பழைய நிறுவனங்கள் பிரித்தானியர் காலத்தவை. எஃப்.ஜே. அண்ட் ஜி. டி சேரம் 1841இல் தொடங்கியது, ஜூலியஸ் அண்ட் கிறீசி 1879இல். அப்போது தொழில் இரண்டாகப் பிரிந்திருந்தது. எங்கள் அம்மம்மாமார் சொல்லுகிற பிரக்கிராசி கட்சிக்காரரைச் சந்தித்துப் பத்திரங்களைத் தயாரிப்பார். அப்புக்காத்து மன்றில் வாதாடுவார். பெரிய நிறுவனங்கள் பிரக்கிராசிப் பக்கத்தில் வளர்ந்தவை. 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிர்வாகச் சட்டம் இரண்டு பேரையும் 'சட்டத்தரணி' என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது. பெயர் ஒன்றாகிவிட்டது, வேலை ஒன்றாகவில்லை. இன்றைக்கும் ஒரு சிவில் வழக்கில் புரொக்சி வைத்திருக்கும் பதிவுச் சட்டத்தரணி ஒருவர், வாதாடும் சட்டத்தரணி இன்னொருவர் என்பதுதான் வழமை.

அதனால் இரண்டு நேர்முகத் தேர்விலும் கடைசியில் "ஏதாவது கேட்க இருக்கா" என்றபோது ஒரே கேள்வியைக் கேட்டேன். வழக்கின் பெயரைக் கூப்பிடும்போது உங்கள் ஆட்களில் யார் எழும்புவார்?

பெரிய பேர் உள்ள இடத்தில் நேர்மையாகவே சொன்னார்கள். முக்கியமான வழக்குகளுக்கு வெளியிலிருந்து ஒரு ஜனாதிபதி சட்டத்தரணியை அமர்த்துவார்கள். நான் ஆவணங்களைப் படித்துத் திகதி வாரியாக அடுக்கி, வரைவுகள் எழுதி, ஆலோசனைக் கூட்டங்களில் பக்கத்தில் இருப்பேன். இது குறைவான வேலை என்று நினைக்காதீர்கள். நிறைய வழக்குகள் முதல் பத்திரத்திலேயே வெல்லப்படுகின்றன, அல்லது தோற்கப்படுகின்றன. 1995ஆம் ஆண்டின் நடுத்தீர்ப்புச் சட்டத்தின் கீழ் வரும் பெரிய வணிகப் பிணக்குகளில் வேலை செய்ய ஆசையென்றால் அந்த மாதிரி இடம்தான் சரி. ஆனால் ஐந்து வருசம் போனாலும் ஒரு சாட்சியையாவது நான் குறுக்கு விசாரணை செய்திருப்பேனா? அதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை.

மற்ற நிறுவனத்தில் கனிஷ்டர்களே மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். முதலில் தவணை கேட்க, பிறகு சின்ன விண்ணப்பங்களுக்கு, ஒன்றிரண்டு வருசத்தில் சிறிய விசாரணைகளுக்கு. கேட்டவுடன் சந்தோசம், அடுத்த நிமிடமே பயம். ஏனென்றால் மொழி.

அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி வடக்கு, கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ், மற்ற இடங்களில் சிங்களம். மேல்நிலை நீதிமன்றங்களில் ஆங்கிலம் நடக்கிறது. அதாவது முதல் நிறுவனத்தில் நான் ஆங்கிலத்துக்குள்ளேயே பத்திரமாக ஒளிந்திருக்கலாம். இரண்டாவதில் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில், எல்லாருக்கும் முன்னால், என் ஓட்டைச் சிங்களத்தோடு எழும்ப வேண்டும். சம்பளத்தை விட என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். எங்கள் பக்கத்திலிருந்து வருகிற பலர் 'எனக்கு ஆவண வேலைதான் பிடிக்கும்' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சிலருக்கு உண்மையாகவே பிடிக்கும். சிலருக்கு அது மொழிப் பயத்தின் மரியாதையான பெயர்.

இன்னொன்றும் இருந்தது. இந்த நிறுவனத்தில் கனிஷ்டர்களுக்கு வருவது பெரும்பாலும் வங்கி வழக்குகள். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வங்கி வழக்குப் போட்டால், கடன்காரர் தன் பக்கத்தைச் சொல்வதற்கே முதலில் மன்றின் அனுமதி எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் நிற்பவர் ஒரு கடைக்காரராக இருக்கலாம், எங்கள் சித்தப்பா மாதிரி ஒருவராக இருக்கலாம். அவருக்கு எதிராக நிற்கத்தான் நான் பழகப் போகிறேனா? சரியான பதில் இன்னும் என்னிடம் இல்லை. அந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று உள்ளே நின்று படித்தவர்தான் ஒருநாள் கடைக்காரர் பக்கம் நின்றும் பேசலாம் என்பது மட்டும் தெரியும்.

மூன்றாவது வழியும் உண்டு: சிரேஷ்ட சட்டத்தரணி ஒருவரின் சேம்பரில் கனிஷ்டராகச் சேருவது. வாதாடப் பழக அதைவிட நல்ல இடமில்லை என்பார்கள், சரிதான். ஆனால் பல சேம்பர்களில் ஆரம்ப வருசங்களில் கையில் கிடைப்பது பஸ் காசுக்குத்தான் காணும். கொழும்பில் சொந்த வீடும், சம்பாதிக்கும் அப்பாவும் உள்ளவருக்கு அது பயிற்சி. எனக்கு அது கடன். இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'உண்மையான ஆர்வம் இருந்தால் காசைப் பார்க்கமாட்டீர்' என்ற அறிவுரை எங்கள் கனபேரை இந்தத் தொழிலிலிருந்தே துரத்தியிருக்கிறது.

நான் இரண்டாவது நிறுவனத்தில் சேர்ந்தேன். சம்பளம் குறைவு, ஆனால் மாத வாடகை கட்டலாம். பின்னேரங்களில் சிங்கள வகுப்பு.

உங்களுக்கும் இந்தத் தெரிவு வந்தால் நிறுவனத்தின் பெயரை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அங்கே இரண்டு மூன்று வருசம் வேலை செய்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். கடைசியாக எப்போது நீதிமன்றத்தில் வாயைத் திறந்தீர்கள், எந்த மொழியில், யாருக்காக என்று கேளுங்கள். அவருடைய பதில் உங்களுக்குப் பொறாமையைத் தந்தால் அங்கே போங்கள். நிம்மதியைத் தந்தால், எதிலிருந்து தப்பிய நிம்மதி என்று உங்களையே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.