கல் நடும்போதே தெரியும்

நீங்கள் எர்ணாவூர்ப் பக்கம் போனதுண்டா? போயிருந்தால் எண்ணூர் விரைவுச் சாலையை மறந்திருக்க மாட்டீர்கள். விரைவெல்லாம் பெயரில்தான். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் வருஷக்கணக்காக அங்கே கிலோமீட்டர் நீளத்துக்கு நின்றிருக்கின்றன. டிரைவரும் கிளீனரும் வண்டி நிழலிலேயே ஸ்டவ் பற்றவைத்து சோறு வடிப்பார்கள்.

இதற்கு வைத்தியமாக வந்ததுதான் எண்ணூர் - மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம். சுமார் 30 கிலோமீட்டர். தொண்ணூறுகளின் கடைசியில் பேச்சு ஆரம்பித்தது. முதலில் 150 கோடி ரூபாய் என்றார்கள். 2010-களில் வேலை நடந்தபோது அது 600 கோடித் திட்டம். நாலு மடங்கு! தாரில் தங்கத்தை உருக்கி ஊற்றினார்களோ என்று தோன்றும்.

இந்த மாதிரி விஷயங்களை ஆராய்வதற்கென்றே பேராசிரியர்கள் இருக்கிறார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த பென்ட் ஃப்ளூபியர் என்பவர் 2002-ல் தன் சகாக்களோடு 20 நாடுகளின் 258 சாலை, ரயில், பாலத் திட்டங்களைப் புரட்டிப் பார்த்தார். பத்தில் ஒன்பது, சொன்ன செலவைத் தாண்டியிருந்தது. ரயில் திட்டங்கள் சராசரியாக 45 சதவிகிதம், சாலைகள் 20 சதவிகிதம். எழுபது வருஷக் கணக்கு அது. எழுபது வருஷத்தில் யாரும் எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

நான் படித்தது காமர்ஸ். பட்ஜெட்டுக்கும் நிஜச் செலவுக்கும் வித்தியாசம் வரும் என்பது பாலபாடம். ஆனால், நேர்மையான தப்புக்கணக்கு என்றால் ஒரு தடவை மேலே போகும், ஒரு தடவை கீழே வரும். எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால்? அந்தப் பேராசிரியர் நாசூக்கு பார்க்காமல் சொல்லிவிட்டார்: பொய் என்று. திட்டம் ஓகே ஆகவேண்டுமே, அதற்காகக் குறைத்துக் காட்டுகிறார்கள்.

நம்மூரில் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் ராம்சிங் 894 மத்திய அரசுத் திட்டங்களை எடுத்துப் பார்த்தார். பெரும்பாலானவை லேட். திட்டமிடுதலிலும் ஒப்பந்தத்திலும் இருக்கும் ஓட்டைகளைத்தான் அவர் கைகாட்டினார்.

எர்ணாவூர் பக்கம் என்ன ஓட்டை? தேசிய நெடுஞ்சாலை ஆணையம், சென்னைத் துறைமுகம், எண்ணூர் துறைமுகம், தமிழ்நாடு அரசு என்று நாலு முதலாளிகள். கரையோரக் குடும்பங்களுக்கு மாற்று வீடு கொடுக்காமல் அகலப்படுத்த முடியாது என்பது அந்த ரோட்டில் ஒருமுறை சைக்கிளில் போனவனுக்குக்கூடத் தெரியும். இழுத்தடித்ததில் பெரும்பங்கு அதற்குத்தான். பக்கத்திலேயே விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர் மெட்ரோ. 2016 ஜூலையில் கல், 2021 பிப்ரவரியில் ரயில். அதுவும் சொன்ன தேதிக்கு வரவில்லைதான். ஆனால், வேலைக்குப் பொறுப்பு ஒரே நிறுவனம்.

ஃப்ளூபியர் சொல்லும் மருந்து ரொம்ப சிம்பிள். ‘நம்ம வேலை எப்போ முடியும்?’ என்று கேட்காதே. ‘இதே மாதிரி வேலை முன்னால எத்தனை வருஷம் இழுத்தது?’ என்று கேள். பெண்ணுக்குக் கல்யாணம் பேசும் வீட்டில் மண்டபச் செலவை இப்படித்தானே விசாரிக்கிறோம்!

இதே துறைமுக லாரிகளுக்காக மதுரவாயல் வரை பறக்கும் சாலை என்று 2009-ல் அடிக்கல் நட்டார்கள். 1,815 கோடி. 2012-ல் வேலை நின்றது. கூவத்தில் தூண்கள் அப்படியே நின்றன. 2022 மே மாதம் மறுபடியும் அடிக்கல். இந்தத் தடவை 5,800 கோடிக்கு மேல்.