நியான் எத்தனை தடவை சிமிட்டியது?

சென்ற மாதம் ஒருவர் தன் அப்பாவின் மர்ஃபி செட்டை எடுத்துப்போக வந்தார். படித்தவர், பெரிய வேலையில் இருப்பவர். செட் நன்றாகப் பாடியது. அதில் அவருக்குக் குறையில்லை. மாற்றிய சாமான்களை எல்லாம் ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கொடுப்பது என் வழக்கம். அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நாலு கண்டென்சர் மாத்துனதுக்கா அண்ணே இவ்வளவு? ஒண்ணு பத்து ரூபாகூட இருக்காதே" என்றார். செல்போனில் விலையையும் காட்டினார். நான் பதில் சொல்லவில்லை. இனி கடையைக் குறைத்துக்கொள்வதாக இருக்கிறேன். அதற்கு முன் அந்த நாலு கண்டென்சரைப் பற்றி எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

நாலும் நாலு வேலை செய்பவை. ஒன்று பவர் பக்கத்து ஃபில்டர். ஒன்று டிரைவர் வால்வின் பிளேட்டிலிருந்து அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் கப்ளிங். இன்னொன்று, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் சத்தம் ஏறி இறங்காமல் தானே சமன் செய்யும் ஏ.வி.சி. லைனில் உள்ளது. கடைசி, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் டோனுக்காகப் போட்டது. மேலே அச்சடித்த மதிப்பு ஒன்றாக இருந்தாலும் இதைக் கழற்றி அங்கே போட முடியாது. அந்த இடத்தில் அது என்ன தாங்க வேண்டும், எதை ஒழுகவிடக் கூடாது, செத்தால் யாரைக் கூட்டிக்கொண்டு சாகும் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். மதிப்பு பார்ப்பது இதில் மிகச் சின்ன வேலை. பழைய செட்டில் 0.05 என்று இருந்தால் இன்றைக்கு 0.047 கிடைக்கிறது, போடலாம். 0.02-க்கு 0.022. ஃபில்டரில் 16 மைக்ரோஃபாரட் என்று இருந்த இடத்தில் 22, 32 என்று இருந்தால் 33. அந்தக் காலத்து மெழுகுக் காகிதக் கண்டென்சரே இருபது சதம் கூடக்குறைய இருக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். கடைக்கு வரும் பையன்கள் 0.05 கிடைக்கவில்லை என்று ஊர் ஊராகத் தேடிவிட்டு வருகிறார்கள். வோல்டேஜை மட்டும் யாரும் கேட்பதில்லை.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். காரைக்குடியில் அன்று ரேடியோ வேலைக்குப் பஞ்சமில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்ற குடும்பங்கள் இருக்கும் ஊர். கப்பலில் வந்த குருண்டிக், டெலிஃபங்கன் எல்லாம் வளவு வீடுகளின் பட்டாலையில் உட்கார்ந்திருக்கும். உள்ளூரில் வாங்கிய மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் தனி. கரண்ட் வராத கிராமங்களில் பேட்டரி செட். அதில் டி.கே.96, டி.எல்.96 என்று சன்னமான வால்வுகள், 90 வோல்ட் பேட்டரி பேக். பஞ்சாயத்து ரேடியோ கெட்டுவிட்டால் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

மாஸ்டரிடம் ஒரு பலகை இருந்தது. கையகலப் பலகை, அதில் ஒரு நியான் விளக்கு, ஒரு ரெசிஸ்டன்ஸ், இரண்டு முதலை கிளிப். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவருக்குள் இருக்குமே, அதே நியான்தான். பெஞ்சிலிருந்து 250 வோல்ட் டி.சி.யை அதற்குக் கொடுத்து, சோதிக்க வேண்டிய கண்டென்சரை நியானோடு வரிசையில் மாட்டுவார். மாட்டியதும் நியான் ஒரு தடவை சிமிட்டும். கண்டென்சர் சார்ஜ் ஏறிவிட்டது என்று அதற்குப் பொருள். அதன்பின் அணைந்தபடியே இருக்க வேண்டும். கண்டென்சர் உள்ளே ஒழுகினால் ஏறின சார்ஜ் இறங்கும், நியானுக்குத் திரும்ப 65 வோல்ட் பக்கம் கிடைக்கும், மறுபடி சிமிட்டும். எவ்வளவு வேகமாகச் சிமிட்டுகிறதோ அவ்வளவு ஓட்டை.

அவர் அதைப் பார்த்துக்கொண்டு வாய்க்குள் எண்ணுவார். பத்து எண்ணும்வரை இரண்டாவது சிமிட்டல் வராவிட்டால் அது கப்ளிங் டப்பாவுக்குப் போகும். நாலு, ஐந்தில் வந்தால் டோனுக்கோ கேத்தோடுக்கோ வைத்துக்கொள்வார். விடாமல் மினுக்கினால் குப்பை. பிறகுதான் வேடிக்கை. தேறிய கண்டென்சரை எரிகிற நூறு வாட் பல்பின் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, கைபொறுக்கும் சூடு ஏறியதும் மறுபடி மாட்டுவார். முதலில் பத்துவரை வாய்மூடி இருந்த சாமான் பலதும் இப்போது படபடவென்று சிமிட்டும். "செட்டுக்குள்ள என்னடா, ஃபேன் போட்டா வச்சிருக்கான்? வெந்துக்கிட்டே வேலை பாக்குறதுக்குத்தானே இது" என்பார். புதுச் சாமானுக்கும் இதே சோதனைதான். மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் ராணுவக் கழிவு என்று பொட்டலமாக வாங்கி வருவதில் பாதியைத் தூக்கி எறிந்துவிடுவார். எங்களுக்கு வயிறெரியும்.

இத்தனை கெடுபிடி ஏன் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. டிரைவர் பிளேட்டில் 100 வோல்ட் நிற்கிறது. கப்ளிங் கண்டென்சர் 20 மெகாம் அளவுக்கு ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய டிஜிட்டல் மீட்டர் தன்னுடைய சின்ன பேட்டரியை வைத்துக்கொண்டு அந்தக் கண்டென்சரை "நல்லது" என்றே சொல்லக்கூடும். ஆனால் அவுட்புட் வால்வின் கிரிட்டில் 470 கிலோவோம் இருந்தால் அதன்மேல் இரண்டே கால் வோல்டுக்குக் கொஞ்சம் மேலாகவே பாசிட்டிவ் வந்து உட்காரும். இ.எல்.84 மாதிரி அவுட்புட் வால்வு வேலை செய்வதே ஏழு வோல்ட் சொச்சம் நெகட்டிவ் பயாஸில். அதில் இரண்டு போனால் கரண்ட் ஏறும். கரண்ட் ஏறினால் சூடு. சூடு ஏறினால் அதே கண்டென்சர் இன்னும் ஒழுகும். செட்டைப் போட்டதும் கணீரென்று பாடும், அரைமணி கழித்துக் கரகரக்கும். வீட்டுக்காரர் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைப்பார். ஸ்பீக்கரை மாற்றிக் கொடுத்துக் காசு வாங்கியவர்களும் உண்டு. கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போகும். அந்த மாதிரி டிரான்ஸ்ஃபார்மரை இன்றைக்குச் சுற்றித்தர ஆள் கிடைப்பது அரிது.

கரகரப்புக்குக் காரணம் கண்டென்சரா வால்வா என்று கண்டுபிடிக்க மாஸ்டர் கிரிட்டில் மீட்டர் வைக்கவே மாட்டார். அவரிடம் இருந்தது ஏவோமீட்டர்; வோல்டுக்கு இருபதாயிரம் ஓம். பத்து வோல்ட் ரேஞ்சில் வைத்தால் மீட்டரே இரண்டு லட்சம் ஓம் சுமையாகிவிடும், இருக்கிற ஒழுக்கைத் தானே குடித்துவிட்டு ஒன்றுமில்லை என்று காட்டும். கேத்தோடு ரெசிஸ்டன்ஸின் மேல் மீட்டரை வைத்துவிட்டு, ஒரு துண்டு வயரால் கிரிட்டை சேஸிஸோடு தொடுவார். முள் இறங்கினால் கிரிட்டில் வரக்கூடாத பாசிட்டிவ் இருந்தது என்று அர்த்தம். அப்புறம் கண்டென்சரின் ஒரு காலை எடுத்துவிட்டு அதையே திரும்பச் செய்வார். இப்போதும் முள் இறங்குமானால் குற்றவாளி வால்வு. உள்ளே வாயு ஏறிவிட்டது. அசையாமல் நின்றால் கண்டென்சர். இரண்டு நிமிட வேலை. சர்க்யூட் படம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். இதை நான் சொல்லிக்கொடுத்த பையன்களில் இன்று எத்தனை பேர் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், சொல்ல விருப்பமில்லை.

இப்போது கிடைக்கும் பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன் கண்டென்சர்கள் உண்மையிலேயே நல்லவை. மாஸ்டர் இருந்திருந்தால் நியானுக்குக் கண் தெரியவில்லையோ என்று சந்தேகப்பட்டிருப்பார். கப்ளிங்குக்கு இரண்டில் எதுவும் போதும். 103 என்று போட்ட 630 வோல்ட் ஒன்றை வாங்கினால் வேலை முடிந்தது. இருந்தும் அந்த இடத்தில் டிஸ்க் செராமிக்கைப் பார்க்கிறேன். மதிப்பு பெரிதாகவும் உடம்பு சின்னதாகவும் இருக்கிற அந்த வகை செராமிக், சூட்டுக்கு ஒரு மதிப்பு, வோல்டேஜுக்கு ஒரு மதிப்பு என்று மாறும். விரலால் தட்டினால் ஸ்பீக்கரில் கேட்கும். டோன் கண்டென்சர் கதையும் இதுதான். எச்.டி., அதாவது வால்வுகளின் பிளேட்டுக்குப் போகும் உயர் வோல்டேஜ், 250 என்பதால் 400 வோல்ட் போதும் என்று போடுகிறார்கள். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் எச்.டி.யைப் போல இரண்டு மடங்கும் எழும்பும். அங்கே ஆயிரம் வோல்டுக்குக் குறைந்து நான் போடுவதில்லை. அது ஷார்ட் ஆனால் முழு எச்.டி.யும் பிரைமரி வழியாகச் சேஸிஸுக்கு ஓடும்.

ஃபில்டர் விஷயத்தில் நடப்பதைச் சொன்னால் ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. ஹம் அடிக்கிறது என்று செட் வரும். டி.வி. போர்டிலிருந்து பிடுங்கிய 220 மைக்ரோஃபாரட் கண்டென்சரைப் பழைய கேனுக்கு மேலேயே பேரலலாக ஈயம் வைத்துவிடுவார்கள். ஹம் போய்விடும். ஆனால் இ.இசட்.80 ரெக்டிஃபையருக்கு முதல் ஃபில்டரில் 50 மைக்ரோஃபாரட்தான் உச்சம் என்று தயாரித்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். நாலு மடங்கு வைத்தால் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் கேத்தோடைப் பிய்த்து எடுக்கும். சில மாதத்தில் வால்வு போகும். இ.இசட்.80 கிடைக்கவில்லையா, இரண்டு 1என்4007 டையோடைச் சாக்கெட்டுக்கு அடியில் வைத்துவிடுவார்கள். வால்வுக்குள் விழுந்துகொண்டிருந்த வோல்டேஜ் இப்போது விழாது, எச்.டி. அந்த அளவுக்கு ஏறும். அதோடு, சுவிட்சைப் போட்ட கணமே எச்.டி. வந்துவிடும், மற்ற வால்வுகள் சூடேறிக் கரண்ட் இழுக்கும்வரை சுமையே இல்லை. 250 வோல்ட் ஏ.சி. தரும் வைண்டிங்கில் உச்சம் 353. எதிரே நிற்பது முதுமை தட்டிய 350 வோல்ட் கண்டென்சர். வெடித்தால் உள்ளே காகிதமும் பசையுமாகக் கேபினெட்டையே நாறடிக்கும். இப்படி வந்த செட்டைத் திறந்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த வைத்தியத்தை எல்லாம் அவிழ்த்து, முதலில் இருந்த இடத்துக்குக் கொண்டுவருவதற்கே ஒரு நாள் போகும். பாலித்தீன் பையில் விழுவது ஒரு கண்டென்சர்தான்.

அந்த இடத்துக்கு நான் போடுவது 33 அல்லது 47, 450 வோல்ட், 105 டிகிரி என்று எழுதியது. வேலை செய்யாத பழைய கேனை மேலே அப்படியே விட்டுவிட்டு, காலை மட்டும் துண்டித்துப் புதியதை அடியில் வைப்பேன். கிரிட்டில் பாசிட்டிவ் நின்றால் என்ன ஆகும் என்று கவலைப்படாதவர்கள்கூட, கேன் இல்லாவிட்டால் செட் மூளியாகத் தெரிகிறது என்று சண்டைக்கு வருகிறார்கள். பழஞ்சாமான் கடைக்காரர்களுக்கு அதுதான் விலை. வெகுநாள் பூட்டிக்கிடந்த செட்டை அப்படியே பிளக்கில் செருகக் கூடாது என்பதை மட்டும் எல்லோரிடமும் சொல்கிறேன். சும்மா கிடந்தால் எலெக்ட்ரோலிட்டிக்கின் உள்படலம் கரைந்துவிடும். சீரீஸ் பல்ப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் சிலது பிழைக்கும். பல்ப் மங்காமல் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உடனே பிடுங்கிவிட வேண்டும்.

தொடவே கூடாதவையும் உண்டு. இப்போது எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிடுவது ஒரு பாணியாகிவிட்டது, ஐ.எஃப். டப்பாவைத் திறந்து உள்ளே இருக்கும் மைக்காவையும் விடுவதில்லை. ஆஸிலேட்டர் பக்கத்தில் இருக்கும் மைக்கா கண்டென்சர் சூட்டில் ஏறக்குறைய அசையாது. அதை எடுத்துவிட்டுக் கையில் கிடைத்த செராமிக்கைப் போட்டால் என்ன ஆகும்? 12 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்தச் சுற்றின் மொத்தக் கண்டென்சர் மதிப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலே ஸ்டேஷன் ஆறு கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். சிற்றலையில் அது பக்கத்து வீடு. மீடியம் வேவில் திருச்சி 936-இல் அவ்வளவாகத் தெரியாது. அதனால்தான் மீடியம் வேவ் மட்டும் பாடவைத்துக் காட்டிக் காசு வாங்கிவிட்டு அனுப்புகிறார்கள்.

இன்னும் ஒரு வகை செட் இருக்கிறது. இப்போது ஹோட்டலாக மாறிய பெரிய வீடுகளில் அலங்காரத்துக்காகத் தேடித்தேடி வாங்குகிறார்கள். ஏ.சி./டி.சி. செட். மெட்ராஸ் போன்ற நகரங்களில் சில பகுதிகளில் டி.சி. கரண்ட் இருந்த நாளில் செய்தது. யூ.எல்.84, யூ.ஒய்.85 என்று யூ வரிசை வால்வுகள். மெயின் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸிஸே ஃபேஸ். ஏரியல் வயருக்கும் அந்தச் சேஸிஸுக்கும் நடுவில் நிற்பது ஒரே ஒரு கண்டென்சர். பழையது ஒழுகினால் ஏரியலைத் தொடுகிறவர் மேல் கரண்ட் பாயும். அங்கே 400 வோல்ட் டி.சி. என்று எழுதின சாதாரணக் கண்டென்சரைப் போடுவது குற்றம். ஒய் வகுப்பு என்று முத்திரை உள்ளதைத்தான் போட வேண்டும். அது கெட்டாலும் ஷார்ட் ஆகாமல் திறந்துகொள்ளும்படி செய்தது. லைனுக்குக் குறுக்கே நிற்பதற்கு எக்ஸ்2, 275 வோல்ட் ஏ.சி. இரண்டும் சேர்ந்து ஒரு டீ, வடை விலைதான். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் கொடுப்பார்கள். உடம்பில் அச்சடித்த முத்திரையைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும், கடைக்காரர் வாயால் சொல்வதை வைத்து அல்ல. ஒரு ஹோட்டல்காரர், "செட்டைப் பாட வைக்க வேணாம் அண்ணே, டயல் லைட் மட்டும் எரிஞ்சாப் போதும், கண்டென்சரை அப்படியே விட்டுருங்க" என்றார். பிளக் வயரை சேஸிஸ் ஓரமாகவே வெட்டி எடுத்துவிட்டு, டயலுக்குத் தனியாக ஆறு வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் கொடுத்தேன். அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு இன்னும் காசு தரவில்லை.