பரிசிலும் பக்கத்துணையும்

மாணாக்கன் ஒருவன் புலமைப்பரிசில் பெற்றுப் பிறநாடு செல்லும்போது ஆசிரியராகிய நாம் பெருமிதம் கொள்கின்றோம். ஆயின், கற்று முடித்த ஒருவன் தன் நாட்டிலேயே நின்று புதுக்கருவி ஒன்றை ஆக்க முனைந்தால் அவனுக்குக் கைகொடுப்பார் யார்? இக்கேள்வி நம்மை நெடுநாளாக உறுத்தி வந்தது. ஆபிரிக்கப் பொறியியலாளர் இருவரின் வரலாற்றைப் படித்தபோது அதற்கு ஒருவாறு விடை கிடைத்தது.

முதல்வர் கமரூன் நாட்டு ஆதர் சாங். அவர் பணி தொடங்கிய காலத்தில் இரண்டு கோடிக்கு மேற்பட்ட அந்நாட்டு மக்களுக்கு இருதய நோய் நிபுணர் ஏறத்தாழ ஐம்பதின்மரே இருந்தனர். அவருட் பெரும்பாலார் யாவுண்டே, டுவாலா ஆகிய பெருநகரங்களில் வாழ்ந்தனர். நாட்டுப்புற நோயாளியோ ஒரு பரிசோதனைக்காக நெடுந்தூரம் செல்ல வேண்டியிருந்தது. இக்குறை தீர்க்கச் சாங் ஆக்கிய கருவியே ‘கார்டியோபாட்’. நோயாளியின் உடலிற் பொருத்திய மின்வாய்கள் இருதயத் துடிப்பைப் பதிவு செய்யும். தொடுதிரைக் கருவி அப்பதிவைக் கைத்தொலைபேசி இணைப்பின் வழியே தொலைவிலுள்ள நிபுணருக்கு அனுப்பும். அவர் கூறும் முடிவு அவ்வழியே திரும்பி வரும். சாங் கற்றது கணினியியல். கருவியாக்கத்துக்கு வேண்டிய மின்னணுவியலை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஒன்றின் இணையவழிப் பாடங்களாற் பயின்றார்.

அறிவு இவ்வாறு வந்து சேர்ந்தது. பொருளும் துணையும் பின்னரே வந்தன. 2014 இல் ரோலெக்ஸ் நிறுவனத்தின் இளம் முயற்சியாளர் விருது அவருக்குக் கிட்டியது. 2016 இல், பிரித்தானிய அரச பொறியியற் கழகம் வழங்கும் ஆபிரிக்கப் பொறியியற் பரிசு 25,000 பவுணுடன் கிடைத்தது.

இப்பரிசின் முறையே நம் கருத்தைக் கவர்ந்தது. வென்றவருக்குப் பணமுடிப்பு அளிப்பதோடு அது அமைவதில்லை. தெரிந்தெடுக்கப்பட்டோர் அனைவருக்கும், இறுதியில் வெல்லாதவருக்குங் கூட, பல மாதங்கள் பயிற்சி உண்டு. விலை குறித்தல், கணக்கு வைத்தல், சந்தையை அறிதல், கண்டுபிடிப்பின் உரிமையைக் காத்தல் ஆகியவற்றை அனுபவசாலிகள் பக்கத்திருந்து கற்பிக்கின்றனர். பெயர் பரிசு எனினும், ‘பெலோஷிப்’ என்று உலகம் வழங்கும் தோழமைத் திட்டத்தின் உயிர் இதுவேயாம்.

“பணத்தைக் கொடுத்தாற் போதாதோ? பட்டதாரிக்குப் பின்னும் பாடம் எதற்கு?” என்று நம்முடன் கற்பிக்கும் நண்பர் வினவினார். அவருக்கு நாம் தன்சானியா நாட்டு அஸ்க்வார் ஹிலொங்காவை எடுத்துக்காட்டினோம். 2015 இல் அப்பரிசை முதன்முதலாகப் பெற்றவர் அவர். நம்மைப் போல் விரிவுரையாளர். தென் கொரியாவிற் கலாநிதிப் பட்டம் பெற்றுத் தாயகம் மீண்டவர். மணலோடு நுண்துகட் பொருள்களைச் சேர்த்து, அவ்வவ்விடத்து நீரின் மாசுக்கேற்ப அமைக்கும் வடிகட்டியை அவர் ஆக்கினார். ஆனால் ஏழைக் குடும்பம் அதை விலைகொடுத்து வாங்கவியலாதே! ஆகவே தண்ணீர் நிலையங்கள் அமைக்கப்பட்டன. வடிகட்டி அங்கே இருக்கும்; மக்கள் வேண்டிய அளவு தூயநீரை மலிவாகப் பெறுவர். வடிகட்டியை ஆக்கியது விஞ்ஞானம். அதனை ஏழையின் குடத்தருகே கொண்டுவந்தது வணிக அறிவு. இரண்டும் ஒருவரிடத்தே இயல்பாக அமைதல் அரிது. நண்பர் சற்று நேரம் பேசாதிருந்து, “அப்படியாயின் பாடந்தான் பெரிது” என்றார்.

இத்திட்டங்களுக்கும் எல்லை உண்டு. விண்ணப்பிப்போர் பலர், தெரியப்படுவோர் சிலர். கருவி எத்துணை நல்லதாயினும் வைத்தியசாலை அதை வாங்காவிடின், அதைக் கையாளத் தாதியர் பழகாவிடின், அது பெட்டிக்குள்ளேயே உறங்கும். அக்கடமை அவ்வந்நாட்டு அரசினருடையது. அதனைப் பிறநாட்டுக் கழகம் எதுவும் ஏற்றுச் செய்துவிட முடியாது.

எனினும் ஒன்று தெளிவு. புலமைப்பரிசில் இளைஞனை அறிவு இருக்கும் இடத்துக்கு அனுப்புகின்றது. தோழமைத் திட்டமோ குறை இருக்கும் இடத்தில் அவனை நிலைத்து நிற்கச் செய்கின்றது. முன்னதை நாம் நன்கு மதிக்கின்றோம். பின்னதையும் அவ்வாறே மதிக்கப் பழகின், திறமையுடைய பிள்ளைக்கு ஊரை விட்டுச் செல்வதே வழி என்று பெற்றோரும் ஆசிரியரும் கூற வேண்டிய நிலை குறையும்.