வேலணையில் ஒரு குரற்கொட்டில்

பண்ணைத் தாம்போதியைக் கடந்து தீவுப்பகுதிக்குப் போகும் பேருந்தில் யன்னலோரம் இடம் கிடைத்தவன், இருமருங்கும் இடுப்பளவு நீரில் நின்று வலை வளைக்கும் மனிதரையும், அவர்களுக்கு அப்பால் கண்ணெட்டும் தூரம்வரை வெயிலில் மின்னிக் கிடக்கும் பரவைக் கடலையும் பார்த்துக்கொண்டே, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் என்று ஒவ்வோர் ஊராய்த் தாண்டி வேலணை வங்களாவடியில் இறங்கும்போது, வந்த காரியத்தைச் சற்று மறந்துபோவது இயல்பே. நான் மறக்கவில்லை. ஓராண்டு காலமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலை 6 மணிக்கு, ஒரு வாரமேனும் தவறாமல் என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்த சில குரல்கள் எந்த வீட்டில், எவருடைய பிரயத்தனத்தால் உருவாகின்றன என்பதைக் கண்ணாற் காணவேண்டுமென்ற ஆவலே அந்தப் பங்குனி வெயிலில் என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

வலையொலி என்று எழுத்திலும் பொட்காஸ்ட் என்று பேச்சிலும் வழங்கும் இந்தக் கலை வயதிற் சிறியது. அதன் ஆங்கிலப் பெயரே 2004 ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகைக் கட்டுரையில்தான் அச்சேறியது. வானொலிக்குக் கோபுரம் வேண்டும், அநுமதி வேண்டும், அலைவரிசை வேண்டும். இதற்கு ஒரு மைக்கும் ஒரு கணினியும் இணையத் தொடர்பும் போதும். ஒருமுறை பதிவுசெய்துகொண்டவருக்குப் புதிய பகுதி ஒவ்வொன்றும், சந்தாதாரர் வாசலில் பத்திரிகை வந்து விழுவதுபோலத் தானாகவே வந்து சேர்ந்துவிடும். ஆனால் வானொலி நிலையத்தில் நேரத்தைக் காப்பதற்கென்றே ஒரு ஸ்தாபனம் இருக்கிறது: அறிவிப்பாளர் வராவிட்டால் இன்னொருவர் வருவார், பிரதி எழுத ஒருவர் இருப்பார், கடிகாரத்தைப் பார்த்திருக்க ஒருவர் இருப்பார். வலையொலியிலோ அந்த ஸ்தாபனம் முழுவதும் இரண்டு மூன்று பேருடைய மனத்துக்குள் அடங்கவேண்டியிருக்கிறது. தொடங்குவோர் பலராகவும் தொடர்வோர் மிகச் சிலராகவும் இருப்பதன் காரணம் அதுவே என்பது என் அபிப்பிராயம்.

இதை நான் அநுபவத்தாலும் அறிவேன். இளமையில் நண்பர் நால்வருடன் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினேன். சித்திரையில் முதல் இதழ் வர்ண அட்டையோடு வந்தது. ஆவணியில் வந்த நான்காம் இதழே கடைசி இதழாயிற்று. எழுதுவதற்கு விஷயம் இல்லாமற் போகவில்லை, எழுதுவோருக்கும் குறைவில்லை. எவர் எதை எந்தத் தேதிக்குள் கொடுக்கவேண்டும் என்பதை எங்களில் ஒருவரேனும் ஒரு தாளில் எழுதிவைக்கவில்லை. அந்த ஐந்தாம் இதழுக்கென்று ஒரு தோழன் எழுதிய கதை எங்கே போயிற்று என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது என்ற நினைவு இன்றும் என்னை உறுத்துகிறது.

நான் தேடிப்போன இடம், சுண்ணாம்புக் கல்லாற் கட்டிய பழைய நாற்சார் வீடு. 1990 ஆகஸ்டில் யுத்தம் தீவுகளுக்குள் புகுந்து சனங்கள் உடுத்த உடையோடு வெளியேறியபோது பூட்டப்பட்ட வீடு அது. உரிமையாளர் இப்போது கனடாவில் இருக்கிறார். முன்னாளில் நெல்லும் ஒடியலும் சேமித்துவைத்த யன்னலில்லாத உள்ளறையைத்தான் ஒலிப்பதிவுக்குத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். தடித்த சுவர்கள் தெருச் சப்தத்தைத் தடுக்கின்றன. ஆனால் வெறுஞ்சுவர் குரலை எதிரொலிக்கும் என்பதால் இரண்டு பக்கமும் கம்பளிப் போர்வைகள் தொங்கின, நிலத்தில் பாய்கள் விரித்திருந்தன. மூலையில் ஒரு பெட்டகம். அதன்மேல் ஒரு நீளமான கொப்பி.

இந்த முயற்சியின் உயிர் அந்தக் கொப்பிதான். அதை எழுதுபவர் சங்கக்கடையில் கணக்கெழுதும் ஓர் இளம்பெண். கேள்வி கேட்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, ஊர் முழுவதுக்கும் அவர் ரீச்சர். பதிவுசெய்து வெட்டித் தொகுப்பவர், பகலில் கைப்பேசி திருத்தும் கடையில் வேலைபார்க்கும் ஓர் இளைஞர். மூவருக்கும் இதனால் வருமானம் எதுவுமில்லை.

"முதலிலை நாங்கள் ஆசையிலைதான் ஓடினனாங்கள், ஐயா" என்றார் அந்தப் பெண். "ஆசை மூண்டு மாசம் ஓடும். பிறகு ரீச்சருக்குக் காய்ச்சல், தம்பிக்குக் கடையிலை வேலை கூட, எனக்கு வருசக் கணக்கு முடிக்கிற நேரம். மூண்டு கிழமை ஒண்டும் போகேல்லை. லண்டனிலையிருந்து ஒரு அம்மா எடுத்து, ஊரிலை ஏதும் பிரச்சினையோ எண்டு கேட்டா. எனக்கு வெக்கமாப் போச்சு. அதுக்குப் பிறகுதான் இந்தக் கொப்பி."

கடையில் அரிசிக்கும் மாவுக்கும் எழுதும் இருப்புப் புத்தகத்தின் முறையையே அவர் குரல்களுக்கும் கொண்டுவந்திருக்கிறார். பேசப்போகிறவர், அவருடைய ஊர், பேசும் விஷயம், அவரைப் போய்ச் சந்திக்கவேண்டியவர், பதிவு நாள், கோப்பின் பெயர், வெட்டி முடித்த நாள், மற்றொருவர் கேட்டுச் சரிபார்த்த நாள், வெளியிட்ட நாள் என்று கோடுகள் இழுத்திருந்தன. அடியில் சிவப்பு மையால் ஓர் எண்: கையிருப்பு. முடித்து ஆயத்தமாக வைத்திருக்கும் பகுதிகள் ஆறுக்குக் குறைந்தால் அந்த வாரம் மூவரும் வேறு வேலை எதையும் ஏற்றுக்கொள்வதில்லை. நான் போன நாளில் அந்த எண் ஒன்பது.

கோப்புகளுக்குப் பெயரிடும் முறையையும் கணினியில் காட்டினார். ஆண்டு, மாதம், தேதி, ஊர், விஷயம், பாகம்: ‘2024-03-10 சரவணை சுருட்டு 1’ என்பதுபோல. ஆண்டை முதலில் எழுதினால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். தேதியை முதலில் எழுதினால் எல்லா மாதத்துப் பத்தாந் தேதிகளும் ஒன்றாய்க் கூடிக் குழம்பும். ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பிரதிகள்: ஒன்று இங்கே, ஒன்று ரீச்சர் வீட்டு அலுமாரியில், ஒன்று இணையச் சேமிப்பில். மூன்று எதற்கு என்று நான் கேட்கவில்லை. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகிக் கிடந்ததையும், அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் இருந்ததையும் அறிந்த ஊரில் எவரும் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள்.

அன்று பேச வந்தவர் எண்பது வயதைக் கடந்த ஒரு சுருட்டுத் தொழிலாளி. மூலையில் ஒரு பாயில் அசையாமல் இருக்கும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். இளைஞர் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, இரண்டு கருவிகளின் பதிவையும் பின்னர் பொருத்துவதற்காக ஒருமுறை கைதட்டினார். ரீச்சர் தேதியையும் இடத்தையும் சொல்லி, பெரியவரிடம் தம் பெயரையும் ஊரையும் தம் வாயாலேயே சொல்லும்படியும், தம் குரலைப் பிறர் கேட்பதற்குச் சம்மதம் என்று சொல்லும்படியும் வேண்டினார். அதன்பின் அரை நிமிஷம் எல்லோரும் மௌனமாக இருந்தோம். பேச்சில் ஓரிடத்தை வெட்டினால் அந்த இடைவெளியை நிரப்புவதற்கு அந்த அறைக்கே உரிய மௌனம் வேண்டுமாம்; வேறோர் அறையின் மௌனம் ஒட்டாதாம். அந்த அரை நிமிஷத்தில் சுவருக்கு வெளியே பனையோலைகள் உரசும் ஓசை மிக மெல்லியதாகக் கேட்டது. மௌனத்துக்கும் ஊர் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பெரியவர் தம் பதினான்காவது வயதில் கொட்டிலுக்குப் போன கதையைத் தொடங்கினார். புகையிலையைப் பதமாக்குவது, காம்பு கிழிப்பது, சுற்றுவது என்று கைகள் ஓயாது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சுற்றிக் கட்டிய சுருட்டு கொழும்புக்கும் காலிக்கும் போகும், தீவகத்து மனிதர் அங்கே கடை வைத்திருந்தார்கள். கைக்கு வேலை உண்டு, காதுக்கு வேலையில்லை. ஆகையால் கொட்டிலில் ஒருவர் உயரமான இடத்தில் இருந்து பத்திரிகையும் தொடர்கதையும் உரத்து வாசிப்பார்.

"காலமை எட்டு மணிக்கு வந்து குந்துவார். மணிக்கூடு பாக்கத் தேவையில்லை, பிள்ளை. அவர் தொண்டையைச் செருமினால் எட்டு மணி. அவர் வராத நாளிலை சுருட்டுக் குறையும். கை அப்பிடியே நிண்டுபோம், கதை என்னவாச்சோ எண்டு."

ரீச்சர் உடனே அடுத்த கேள்வியைக் கேட்காமற் காத்திருந்தார். பெரியவர் தாமாகவே தொடர்ந்து, தாம் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அந்தக் கொட்டிலில் கேட்டதே அதிகம் என்றும், வாசித்தவர் இறந்த பிறகு அவருடைய இடத்துக்கு வந்த இளைஞன் நன்றாக வாசித்தாலும் நினைத்த நேரத்துக்கு வந்தபடியால் மெல்ல மெல்ல எல்லோரும் செவி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள் என்றும் சொன்னார். நவீன சாதனம் என்று நான் எண்ணி வந்ததற்கு எழுபது ஆண்டுக்கு முற்பட்ட மூதாதை ஒருவர் இதே தீவில் பனையோலைக் கூரையின்கீழ் இருந்திருக்கிறார். கைவேலையாயிருக்கும் மனிதனுக்கு நேரந் தவறாமல் வரும் ஒரு குரல்: அதற்குமேல் இந்தக் கலைக்கு இலக்கணம் எதையும் நான் கண்டதில்லை. இன்று அந்தக் கைகள் ரொறொன்ரோவிலும் பரிசிலும் சமையற்கூடங்களிலும் களஞ்சியங்களிலும் வேலைசெய்கின்றன. வேலணையில் ஞாயிறு மாலை 6 மணி என்றால் லண்டனில் மத்தியானம், ரொறொன்ரோவில் காலை. மூன்று இடத்திலும் சனங்கள் விழித்திருக்கும் நேரமென்று கணக்குப் பார்த்தே அந்த மணியைக் குறித்தார்களாம்.

ஒரு மணி நேரப் பேச்சை இருபத்தைந்து நிமிஷமாகச் சுருக்க இளைஞருக்கு நான்கு இரவுகள் செல்கின்றன. எல்லாப் பகுதிகளும் ஒரே உரப்பில் கேட்கவேண்டுமென்று, உலகத்தில் பலரும் கைக்கொள்ளும் மைனஸ் 16 என்ற அளவுக்குக் கொண்டுவருகிறார். இருமலை வெட்டுவார்; யோசிக்கும் நேரத்தை வெட்டமாட்டார்.

காற்றைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் புதிது. வைகாசியில் சோளகம் எழுந்துவிட்டால் ஆவணி வரையில் கடல் கொந்தளிக்கும். குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் ஒரு மணி நேரப் படகுப் பிரயாணம் முதியவருக்கும் கருவிகளுக்கும் உகந்ததன்று. போனாலும் மைக்குக்குள் காற்றின் ஓலத்தைத் தவிர வேறெதுவும் விழாது. ஆகவே மாசி முதல் சித்திரை வரை, கடல் குளம்போலக் கிடக்கும் நாட்களில், நெடுந்தீவு, நயினாதீவு மனிதரையெல்லாம் பதிவுசெய்து வந்து சேமித்துவிடுகிறார்கள். சோளக மாதங்களில் அந்தச் சேமிப்பு வாரத்துக்கொன்றாய் வெளிவரும். பனங்கிழங்கை வெயில் நாளில் பிளந்து காயவைத்து ஒடியலாக்கி மழை மாதத்துக்கு எடுத்துவைத்த சனங்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த யுக்தியை எவரும் புகட்டவேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் ரீச்சர் பெட்டகத்தைத் திறந்து, அட்டை கழன்ற ஒரு புத்தகத்தை என் கையில் தந்தார். சோ. சிவபாதசுந்தரத்தின் ‘ஒலிபரப்புக் கலை’. இலங்கை வானொலியில் பணியாற்றி, பின்னர் லண்டன் பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பை நடத்தி, அதற்குத் ‘தமிழோசை’ என்று பெயர் சூட்டிய அந்தப் பெரியவர் 1912 இல் இதே தீவின் கரம்பொன் என்னும் ஊரில் பிறந்தவர். 1941 இல் தொடங்கிய அந்த ஒலிபரப்பு 2017 இல் வானலையை விட்டு நீங்கியது. ஒலிபெருக்கியின் முன் பேசுவதும் அதற்காக எழுதுவதும் பயின்று கைவரவேண்டிய தனிக்கலை என்பதைத் தமிழில் ஒரு நூலாகவே எழுதிவைத்தவர் அவர். "எங்கட தீவு மனிசன், ஐயா" என்று ரீச்சர் சொன்னபோது அவர் குரலில் இருந்த பெருமிதத்தை நான் மிக ரசித்தேன்.

புறப்படும் சமயத்தில் அந்தப் பெண் கொப்பியின் முதற்பக்கத்தைத் திருப்பினார். கொப்பி பிறப்பதற்கு முன், ஆசையில் ஓடிய அந்த மாதங்களில், பெயரும் ஊரும் தேதியும் குறிக்காமல் எடுத்த பதிவுகள் ஐந்து இருந்தனவாம். ஒரு கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஒரே நாளில் எடுத்தவை. யார் பேசினார்கள் என்பது ரீச்சருக்கும் நினைவில்லை. கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாய்ப் போய்ப் போட்டுக் காட்டினார்கள். ஒரு மூதாட்டி இரண்டு வசனம் கேட்டதுமே, "இது நெடுந்தீவுப் பேச்சு" என்றார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு படகேறி ஆளைக் கண்டுபிடித்தார்கள். இன்னொரு குரலை அதன் சிரிப்பைக்கொண்டு ஒரு பேத்தி அடையாளங் கண்டாள். நான்குக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஐந்தாவது, ஒரு முதிய பெண்ணின் குரல், பதினொரு நிமிஷம்.

அதை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். கிணற்றுத் தண்ணீர் உவராக மாறப்போவதை நாக்கு அறிவதற்கு முன்னமே எப்படி அறிவது என்பதை அந்த அம்மா சொல்கிறார். சோறு வேகும் நேரத்தில் தெரியும், பருப்பு அவியாமல் நிற்பதில் தெரியும் என்கிறார்; சாட்டிப் பக்கத்து நன்னீருக்குக் குடத்தோடு நடந்துபோன நாட்களைச் சொல்கிறார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இது ஆருக்குப் போகுது, பிள்ளை?" என்று கேட்கிறார். அத்தோடு பதிவு முடிகிறது. பதில் அதில் இல்லை.

அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியுமா என்று மூவரும் என் முகத்தையே பார்த்தார்கள். தெரியாது என்றேன். கொப்பியின் முதல் வரியில் பெயருக்கான இடம் வெறுமையாகவே கிடந்தது. அதற்கு நேரே, இதுவரை கேட்டுப் பார்த்தவர்களின் ஊரும் தேதியும் பென்சிலால் நெருக்கி எழுதப்பட்டிருந்தன. அந்தப் பெண் பென்சிலை எடுத்து, எழுத்துக்கள் ஒன்றோடொன்று இடிபடாமல், கடைசியாக ஒன்றைச் சேர்த்தார்: யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், இன்றைய தேதி, தெரியாது.