பட்டினச்சேரி மணலும் ஃபின்லாந்து பனியும்... ஒரு ரப்பர் வளையம் சேர்த்துவைக்கும் கதை!

காரைக்காலில் இருந்து நாகூர் போகும் பேருந்தில் ஏறி, "டி.ஆர்.பட்டினம் ஒண்ணு" என்றால் நடத்துநருக்குப் புரிந்துவிடும். திருமலைராயன்பட்டினம் என்று முழுப்பெயரையும் சொல்லி டிக்கெட் கேட்பவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர்தான்!

இந்த ஊரில் ஐஸ் என்றால் அது மீனுக்கானது. பெரிய பாளமாக வரும், உடையும், மீன் பெட்டிக்குள் போகும். வெயில் ஏறுவதற்குள் பாதி தண்ணீராகிவிடும். அதன் மேல் ஓடி விளையாட முடியும் என்று சொன்னால், கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர்கள் நிச்சயம் சிரிப்பார்கள்.

ஆனால், உலகின் வடகோடியில் பனித்தரையில் பெண்கள் விளையாடும் ஒரு விளையாட்டுக்கும், நம் ஊர்ப் பள்ளி மைதானத்துக்கும் நடுவில் ஒரு பொதுப்பொருள் இருக்கிறது. அது, கைக்கு அடக்கமான ஒரு ரப்பர் வளையம்.

மண்மாரி பெய்த ஊர்

முதலில் ஊரைப் பார்த்துவிடலாம். விஜயநகர ஆட்சிக் காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட திருமலைராயன் பெயரில் அமைந்தது இந்தப் பட்டினம். அருகில் ஓடும் ஆறும் அவர் பெயரைத்தான் சுமக்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஊரை அறிமுகப்படுத்தியவர் கவி காளமேகம். திருமலைராயன் சபையில் அதிமதுரகவியோடு மோதி, எமகண்டம் பாடி ஜெயித்தும் தனக்கு உரிய மரியாதை கிடைக்காததால், ஊரில் மண்மாரி பெய்யட்டும் என்று அவர் வசை பாடியதாகச் செவிவழிக் கதை உண்டு. கடற்கரை மணலில் கால் புதைய நடப்பவர்களிடம், "எல்லாம் காளமேகம் கொடுத்ததுதான்" என்று சொன்னால் நம்பத்தான் தோன்றும்!

ஊரின் இன்னொரு அடையாளம் ஆயிரங்காளியம்மன். பேழைக்குள் இருக்கும் அம்மனை ஐந்து வருடங்களுக்கு ஒருமுறைதான் வெளியே எடுத்து வழிபடுகிறார்கள். படைக்கும் பொருள் எதுவானாலும் ஆயிரம் என்ற கணக்கில்தான் படைப்பார்கள்.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால், 1954 நவம்பர் 1-ல் இந்தியாவின் நிர்வாகத்துக்குள் வந்தது. இன்று புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு பகுதி. சுற்றிலும் தமிழ்நாடு, கிழக்கே வங்கக்கடல்.

பெண் வீட்டார் ஊர்

இந்த ஊரைப் பார்க்கச் சரியான நாள் மாசி மகம். திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் அன்று தீர்த்தவாரிக்காக இந்தக் கடற்கரைக்கு வருகிறார். பெருமாள் மணந்த பத்மினி நாச்சியார் மீனவர் குலத்துப் பெண் என்பது தலவரலாறு. அதனால் பட்டினச்சேரி மீனவ மக்களுக்கு அவர் சாமி மட்டுமல்ல, வீட்டு மாப்பிள்ளை! "மாப்பிள்ளை... மாப்பிள்ளை..." என்ற குரலோடுதான் அவரை வரவேற்பார்கள்.

அந்த ஒருநாள், மொத்தக் கடற்கரையும் பெண் வீட்டாராக மாறிவிடும். எங்கள் வீட்டுப் பெண்ணைக் கட்டியவர் என்கிற பெருமை ஒவ்வொரு முகத்திலும் தெரியும்.

இதே கரையைத்தான் 2004 டிசம்பர் 26-ல் சுனாமியும் தாக்கியது. அதற்குப் பிறகும் கடலை நம்பியே வாழ்கிற மக்கள் இவர்கள்.

மகள்களுக்காக ஒரு விளையாட்டு

இனி வளையத்துக்கு வருவோம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நார்த் பே என்று ஓர் ஊர். அங்கு குளிர்காலம் வந்தால் ஐஸ் ஹாக்கிதான் எல்லாம். ஆனால், அன்றைக்கு அந்தப் பனித்தரை பெரும்பாலும் பையன்களுக்கானதாகவே இருந்தது. பெண் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த ஊரின் பூங்கா, பொழுதுபோக்குத் துறையைக் கவனித்த சாம் ஜாக்ஸ், 1963-ல் பெண்களுக்கென்றே ஒரு விளையாட்டை உருவாக்கினார். பெயர் ரிங்கெட். எஸ்பனோலா என்ற ஊரில் இருந்த ரெட் மெக்கார்த்தி அதற்கான முதல் விதிகளை வகுக்க, அங்கேயே முதல் ஆட்டமும் நடந்தது.

ஒரு அணிக்கு கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர். காலில் ஸ்கேட்டிங் ஷூ, கையில் நேரான குச்சி. ஹாக்கி மட்டை மாதிரி அடிப்பக்கம் வளைந்திருக்காது. குச்சியின் நுனியை ரப்பர் வளையத்தின் ஓட்டைக்குள் விட்டு இழுத்துக்கொண்டே ஓடலாம். மைதானத்தில் இரண்டு நீலக்கோடுகள் உண்டு. ஒருவரே வளையத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. இன்னொருவருக்குத் தள்ளிவிட்டே ஆக வேண்டும். எவ்வளவு பெரிய வீராங்கனையாக இருந்தாலும் தனியாக ஜெயிக்க முடியாத விளையாட்டு இது!

1979-ல் இந்த வளையம் ஃபின்லாந்துக்குப் போனது. 1990-ல் கனடாவின் க்ளோஸ்டரில் முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. கனடாவும் ஃபின்லாந்தும்தான் இதில் பெரிய போட்டியாளர்கள். 2022-ல் ஃபின்லாந்தின் எஸ்போ நகரிலும், 2025-ல் அதே நாட்டின் லஹ்தி நகரிலும் உலகப் போட்டி நடந்தது. ஒலிம்பிக்கில் ரிங்கெட் இல்லை. இருந்தும், அம்மா விளையாடியதைப் பார்த்து மகள் களத்தில் இறங்குகிற விளையாட்டாக அது அங்கே வளர்ந்துவிட்டது.

சென்னைக்கு வந்த உலகப் போட்டி

"நமக்கு ஐஸும் இல்லை, ஸ்கேட்டிங் ஷூவும் இல்லையே" என்று நினைக்க வேண்டாம். நம்மிடம் அதே ரப்பர் வளையம் இருக்கிறது. பள்ளிகளில் 'ரிங்' என்றும் வளையப்பந்து என்றும் சொல்லப்படும் டென்னிகாய்ட்தான் அது.

பயணக் கப்பல்களின் மேல்தளத்தில் ஆடப்பட்ட விளையாட்டு இது. பந்து என்றால் உருண்டு கடலில் விழுந்துவிடும் என்பதால் வளையம் வசதியாக இருந்தது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரைச் சேர்ந்த ஹெர்மான் ஷ்னைடர் இதைத் தரைக்குக் கொண்டுவந்தார். கடலில் பிறந்த விளையாட்டு, கடலோர ஊருக்கு அந்நியமாகுமா என்ன?

சுமார் 40 அடி நீளம், 18 அடி அகலத்தில் ஒரு களம். நடுவில் 6 அடி உயரத்தில் வலை. வருகிற வளையத்தை ஒரே கையால் பிடித்து, நிறுத்தாமல் உடனே எதிர்ப்பக்கம் வீச வேண்டும். 21 புள்ளிகள் எடுத்தால் ஒரு செட். செலவு என்று பார்த்தால் வளையம், வலை, இரண்டு கம்பம். அவ்வளவுதான்.

இந்த விளையாட்டின் முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது எங்கே தெரியுமா? நம்ம சென்னையில், 2006-ல்! அடுத்தது 2010-ல் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில். பிறகு தென்னாப்பிரிக்காவுக்கும் பெலாரஸுக்கும் போனது.

ஆனால், பள்ளி நாள்களில் ரிங் விளையாடிய பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ப்ளஸ் டூ முடிந்ததும் வளையம் விளையாட்டு அறை அலமாரிக்குள் போய்விடுகிறது. கல்லூரி, வேலை, கல்யாணம் என்று வாழ்க்கை நகர்ந்த பிறகு, "நானும் ஸ்கூல்ல ரிங் பிளேயர்தான்" என்று பிள்ளைகளிடம் சொல்வதோடு முடிந்துவிடுகிறது. மாலை நேரத்தில் ஒரு பெண் போய் விளையாடுவதற்கான இடம் ஊருக்குள் இல்லாவிட்டால், திறமை இருந்தும் என்ன பயன்?

நார்த் பே செய்தது பெரிய மந்திரமில்லை. பையன்கள் விளையாடிய அதே ஊரில், பெண் பிள்ளைகளுக்கும் ஒரு களமும் நேரமும் ஒதுக்கியது. அதற்குப் பிறகு 27 வருடங்களில் அது உலக சாம்பியன்ஷிப் ஆனது.

திருமலைராயன்பட்டினத்துக்குப் போகிறவர்கள் மாலை வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். படகுகளுக்கு அப்பால் மணல் பரந்து கிடக்கும். அதில் 40 அடி நீளம், 18 அடி அகலம் என்பது ஒரு மூலைக்குக்கூட வராது.

தங்கள் குலத்துப் பெண்ணைக் கட்டியவர் என்பதற்காகப் பெருமாளையே மாப்பிள்ளை என்று கொண்டாடுகிற ஊர் இது. தன் வீட்டுப் பெண்களுக்கு இரண்டு கம்பம் நட்டு, ஒரு வலை கட்டித் தருவது இந்த ஊருக்குப் பெரிய காரியமா?